வீட்டில் இலவசம், அலுவலகத்தில் காசு

உங்கள் கணினியில் வின்ரார் இருக்கிறதா? சுருக்கி அனுப்பிய கோப்புகளைப் பிரித்துப் பார்க்க உதவும் சின்ன மென்பொருள். திறக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். 40 நாள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, உரிமம் வாங்குங்கள் என்று சொல்லும். நாம் அந்தப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் பல ஆண்டுகள் அதை அழுத்தியவன்தான். வின்ரார் ஒருநாளும் கோபித்துக்கொண்டு நின்றதில்லை.

காசு கொடுக்காதவரைத் தடுக்காத ஒரு நிறுவனம் எப்படிக் கடையை மூடாமல் இருக்கிறது? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

இதே பெட்டி உங்கள் அலுவலகக் கணினியில் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே நூறு கணினிகள் இருக்கும். அவற்றில் என்னென்ன மென்பொருள் ஓடுகிறது என்று ஐடி டீம் பட்டியல் வைத்திருக்கும். உரிமம் இல்லாத ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். நாற்பதாவது நாளுக்குப் பிறகும் பெருக்கல் குறியை அழுத்திக்கொண்டிருக்க எந்த மேலாளருக்கும் துணிச்சல் வராது. நூறு கணினிகளுக்கும் சேர்த்து உரிமம் வாங்கிவிடுவார். வீட்டில் அழுத்தியவரும் அலுவலகத்தில் வாங்கச் சொன்னவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு மனம்? வீட்டில் கஞ்சன், அலுவலகத்தில் வள்ளல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் அவர் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்.

மாதம் 1,500 ரூபாய் சந்தா உள்ள ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு மாதம் 60,000 ரூபாய் செலவழிக்கிறது. மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 176 மணி நேரம். ஒரு மணிக்கு ஏறக்குறைய 340 ரூபாய். அந்தக் கருவி மாதத்தில் நாலரை மணி நேரத்தை மிச்சப்படுத்தினாலே போட்ட காசு திரும்பிவிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். அதே கருவி ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. உங்கள் சட்டைப்பையில் யாராவது 340 ரூபாய் வைக்கிறார்களா? இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் இன்னொரு காபி குடிப்பீர்கள், அல்லது மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பீர்கள். நல்ல காரியங்கள்தான், ஆனால் வரவுப் பக்கத்தில் எழுத முடியாது. அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது, வீட்டில் ஒட்டவில்லை. இந்தக் கட்டுரையில் வரப்போகும் பலவும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்து கிளைத்தவை.

“அப்படியானால் 25,000 ரூபாய்க்குப் போன் வாங்குகிறோமே, அதில் எந்த மணி நேரம் மிச்சமாகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. போன் கையில் இருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கலாம். மென்பொருளுக்கு இந்த மூன்றும் கிடையாது. அதோடு ஒருவர் வாங்கிய மென்பொருளைப் பிரதி எடுத்தால் வாங்கியவரிடமும் இருக்கும், எடுத்தவரிடமும் இருக்கும். பக்கத்துத் தெருப் பையன் அதை ஓசியில் போட்டுக்கொடுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதன் பிறகு அதே பொருளுக்குக் காசு கொடுக்கும்போது ஏமாந்த உணர்ச்சி வருகிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் அமெரிக்காவின் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கணினிக்காக அவரும் நண்பர்களும் பேசிக் மொழியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கணினியை வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம் பேர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய புகார். வந்த வருமானத்தைச் செலவழித்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்றும் எழுதியிருந்தார். பின்னால் அவருடைய நிறுவனம் பெரிதானது ஆர்வலர்கள் மனம் திருந்தியதால் இல்லை. கணினி செய்யும் நிறுவனங்கள் உரிமம் வாங்கின, அதனால்தான்.

ஆனாலும் தனிமனிதர்கள் காசே கொடுக்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1983இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற நிரல் எழுதும் கருவியை 49.95 டாலருக்கு விற்றது. அந்தக் காலத்தில் அதைப் போன்ற கருவிகளின் விலை பல நூறு டாலர். மாணவர்களும் வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்களும் தபாலில் வரவழைத்து வாங்கினார்கள். விலை “யோசித்துச் சொல்கிறேன்” என்ற அளவுக்குக் கீழே இறங்கினால், ஒரே தடவைக் கட்டணமாக இருந்தால், தனிமனிதரும் வாங்குகிறார்.

சரி, நேரத்தின் மதிப்பு ஒருபுறம் இருக்கட்டும். விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? ஒன்று கிடையாது. பலரும் கவனிக்காத இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆண்டுச் சந்தா 10,000 ரூபாய் உள்ள ஒரு மென்பொருள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பில் 11,800. நீங்கள் 30 சதவீத வரி அடுக்கில் உள்ள சம்பளக்காரர் என்றால், செஸ் சேர்த்து உங்கள் சம்பளத்தின் மேல்பகுதியில் 31.2 சதவீதம் வருமான வரியாகப் போய்விடுகிறது. மீதி உள்ள காசில்தான் இந்தப் பில்லைக் கட்ட வேண்டும். அதாவது 11,800 ரூபாய் கையில் நிற்க நீங்கள் 17,150 ரூபாய் சம்பாதிக்க வேண்டும்.

இதையே ஜிஎஸ்டி பதிவு உள்ள ஒரு கம்பெனி வாங்குகிறது. அதுவும் 11,800 கட்டும். ஆனால் அதில் உள்ள 1,800 ரூபாயை இன்புட் கிரெடிட்டாக (கொடுத்த வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) திரும்ப எடுத்துக்கொள்ளும். மீதி 10,000 ரூபாய் தொழில் செலவு. லாபத்தில் இருந்து அது கழிந்துவிடும். குறைந்த விகித வருமான வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவீதம் வரி கட்டுகிறது. ஆகவே 10,000 ரூபாய் செலவு காட்டினால் சுமார் 2,517 ரூபாய் வரி குறையும். கடைசியில் கம்பெனியின் கையை விட்டுப் போவது 7,483 ரூபாய்.

உங்களுக்கு 17,150 ரூபாய் உழைப்பு, கம்பெனிக்கு 7,483 ரூபாய் செலவு. பொருள் ஒன்று, பில் ஒன்று. கம்பெனி தாராளமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் (விற்பனைத் தொகைக்கு ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) இருந்தால் இன்புட் கிரெடிட் கிடையாது. வருமான வரியில் உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு பங்கை லாபம் என்று வைத்துக் கணக்குக் காட்டுவது) இருந்தால் மென்பொருள் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. இந்த இரண்டிலும் இருப்பவர், மென்பொருள் வாங்கும் விஷயத்தில், கம்பெனி மாதிரி தோற்றம் கொண்ட தனிமனிதர்தான். உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இன்னொன்று: சந்தாவுக்குப் பதிலாக ஒரே தடவையில் நிரந்தர உரிமம் வாங்கினால், அது பெரும்பாலும் சொத்தாகக் கணக்கில் ஏறும். முழுச் செலவையும் அந்த வருடமே கழிக்க முடியாமல், தேய்மானமாக ஆண்டுக்கு 40 சதவீத விகிதத்தில் கழிப்பார்கள்.

வெளிநாட்டு மென்பொருளுக்கும் இந்த வரி உண்டா? உண்டு. பதிவு இல்லாத தனிமனிதருக்கு விற்கும்போது வெளிநாட்டு நிறுவனமே ஜிஎஸ்டி சேர்த்து வசூலிக்கும். ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கினால் அவர்கள் வரி சேர்க்கமாட்டார்கள். நீங்களே அரசுக்குக் கட்டிவிட்டு, கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். பில் போடும் பக்கத்தில் “வரி எண்” என்று ஒரு காலிக் கட்டம் இருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் நிறைய. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் 18 சதவீதம் திரும்பி வராது.

மென்பொருள் நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒரே பொருளுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இலவசம் அல்லது குறைந்த விலை, அந்தப் பக்கம் முழு விலை. கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

சிலர் கம்பெனியின் பருமனைப் பார்க்கிறார்கள். டாக்கர் டெஸ்க்டாப் என்பது, எழுதிய நிரலை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடவைக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவி. நீண்டகாலம் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று விதி மாறியது. ஊழியர்கள் 250 பேருக்குக் குறைவு, ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவு என்ற இரண்டும் பொருந்தினால் இலவசம். ஒன்று மீறினாலும் சந்தா. அடுத்த ஜனவரி வரை அவகாசம் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் மாணவருக்கு ஒன்றும் மாறவில்லை. பெரிய ஐடி கம்பெனிகளில்தான் “யார் யார் கணினியில் இது இருக்கிறது?” என்று கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

சிலர் என்ன வேலைக்கு என்று பார்க்கிறார்கள். தூரத்தில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் டீம்வியூவர், சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஊரில் இருக்கும் அப்பாவின் கணினியைச் சென்னையில் இருந்து சரிசெய்தால் காசு கேட்காது. அதையே வைத்து வாடிக்கையாளர்களின் கணினிகளைச் சரிசெய்ய ஆரம்பித்தால், தொழில்முறைப் பயன்பாடு என்று சந்தேகிக்கிறோம் என ஒரு அறிவிப்பு வரும். பிறகு சில நிமிடங்களில் இணைப்பு அறுந்துவிடும். கணினி சர்வீஸ் செய்யும் தம்பிகளுக்கு இந்த அறிவிப்பு நல்ல பழக்கம்.

சிலர் யாருடைய பணம் என்று பார்க்கிறார்கள். நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸில் தனிநபர் உரிமத்தின் விலை, நிறுவன உரிமத்தைவிடக் குறைவு. தனிநபர் உரிமத்தை அலுவலக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் சொந்தக் காசாக இருக்க வேண்டும், அலுவலகம் அதைத் திருப்பித் தரக்கூடாது. முதலில் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் மனித மனத்தைச் சரியாக அளந்த விதி. சொந்தப் பையில் கையை விடுகிறவருக்கு விலை உறைக்கும், கம்பெனிப் பையில் கையை விடுகிறவருக்கு உறைக்காது.

என்னைக் கேட்டால் இந்தக் கோடு போடுவதில் டேலியை அடிக்க ஆளில்லை. பெங்களூருவில் 1986இல் தொடங்கிய நிறுவனம் அது. தன் வியாபாரக் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் ஷியாம் சுந்தர் கோயங்கா மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். அப்படிப் பிறந்தது. டேலியை உரிமம் இல்லாமல் எஜுகேஷன் மோடில் (கற்றுக்கொள்வதற்கான இலவச நிலை) திறக்கலாம். ஏறக்குறைய எல்லா வசதியும் இருக்கும். ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வரவு செலவைப் பதிய முடியும்.

அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். டேலி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பி.காம். மாணவிக்கு 1ஆம் தேதி ஒரு விற்பனை, 2ஆம் தேதி ஒரு கொள்முதல், 31ஆம் தேதி சம்பளம் என்று பதிந்து பழகினால் போதும். மளிகைக் கடைக்காரருக்குப் போதாது. அவர் கடையில் 17ஆம் தேதியும் சரக்கு இறங்கும். தடுத்திருப்பது பெரும்பாலும் வசதிகளை இல்லை, தொழில் நடக்கிற நாட்களைத்தான். இலவசமாகக் கற்றுக்கொண்ட அந்த மாணவி நாளைக்கு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போகும்போது, முதலாளியிடம் “டேலி இருந்தால் செய்துவிடுவேன் சார்” என்பார். உரிமத்துக்குக் காசு முதலாளி கொடுப்பார்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் கோட்டின் எந்தப் பக்கம்?

சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வீட்டில் பொழுதுபோக்காகப் பயன்படுத்துகிறவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் நடுவில் நிற்பவர்களுக்குத்தான். வீட்டு அறையிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். டிடிபி சென்டர் வைத்து நோட்டீஸும் பேனரும் வடிவமைக்கிறவர். ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை. இரவில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் கல்லூரி மாணவர். “நான் தனி ஆள்தானே, கம்பெனியா வைத்திருக்கிறேன்?” என்று இவர்கள் நினைக்கிறார்கள். உரிம விதிகள் அப்படி நினைப்பதில்லை. ஆள் ஒருவரா நூறு பேரா என்பதைவிட, அந்த வேலைக்குக் காசு வாங்குகிறீர்களா என்பதைத்தான் பெரும்பாலான விதிகள் கேட்கின்றன. பல ஆண்டுகள் மலிவாக விற்ற ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பின் உரிமத்திலேயே, வருமானம் தரும் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று இருந்தது. அதை வைத்துக் கொட்டேஷன் அடித்த கடைகள் எத்தனையோ.

கிராக் செய்த மென்பொருளைப் பயன்படுத்தினால் சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. இதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் தக்க காரணங்களைப் பதிவு செய்து சிறைத் தண்டனை இல்லாமல், 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். மென்பொருள் கம்பெனிகள் போட்ட அதே கோட்டைச் சட்டமும் போட்டிருக்கிறது பாருங்கள். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு இல்லை.

“நம்ம கடைக்கு எல்லாம் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” வராமலே போகலாம். ஆனால் கிராக் போட்டுக்கொடுக்கும் பக்கத்துத் தெருப் பையன் என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கிறான். பிறகு எங்கிருந்தோ இறக்கிய ஒரு கோப்பை முழு அதிகாரத்தோடு ஓடவிடுகிறான். அதே கணினியில்தான் உங்கள் நெட்பேங்கிங், ஜிஎஸ்டி கணக்கு, வாடிக்கையாளர் அனுப்பிய கல்யாணப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கோப்புக்குள் வேறு என்ன இருந்தது என்று போட்டவனுக்கும் தெரியாது. ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் கணினி பூட்டிக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டால், மிச்சம் பிடித்த சந்தாவெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டுமா? வேண்டாம். தொழிலுக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், பிரதி எடுக்கலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு வருவது) எல்லாமே இந்த வகை. ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்த கிம்ப், லோகோவும் பேனரும் வரைய இங்க்ஸ்கேப், முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர். கட்டற்றதாக இல்லாவிட்டாலும், வீடியோ எடிட்டர்களுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது. அதில் செய்த கல்யாண வீடியோவுக்கு நீங்கள் தாராளமாகக் காசு வாங்கலாம். கூடுதல் வசதிகள் வேண்டுமென்றால் ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும்.

ஆனால் இலவசம் என்பதற்காகவே மாறிவிடாதீர்கள். புதிய மென்பொருளில் கை பழக ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் உங்கள் வேகம் பாதியாகும். தொழிலில் உங்கள் மணி நேரத்துக்கும் விலைச்சீட்டு உண்டு. ஒரு கல்யாண வீடியோவுக்கு 8,000 ரூபாய் வாங்கி, அதை 40 மணி நேரத்தில் முடிக்கிறீர்கள் என்றால், உங்கள் மணி 200 ரூபாய். மாதம் 2,000 ரூபாய் கேட்கும் மென்பொருள் உங்களுக்குப் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும், அதுவும் அந்தப் பத்து மணி நேரத்தில் இன்னொரு வேலை கையில் இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் கல்யாணமே இல்லாதபோது மிச்சமான நேரத்துக்கு மதிப்பில்லை. அப்படிப்பட்டவர் ஆண்டுச் சந்தாவில் மாட்டிக்கொள்ளாமல், மாதச் சந்தாவாகப் போட்டு, வேலை இல்லாத மாதத்தில் நிறுத்திவைப்பது நல்லது.

நீங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஒரு கருவி தேவைப்படுகிறது, எப்படிக் கேட்பது? பலர் செய்யும் தவறு, கருவியின் பெருமையைப் பாடுவது. மேலாளருக்கு அதில் அக்கறை இல்லை. மணி நேரத்தில் பேசுங்கள். இப்படி எழுதலாம்:

“சார், வாரா வாரம் சப்ளையர் பில்களில் உள்ள எண்களைப் பார்த்து எக்ஸெலில் கையால் ஏற்றுகிறோம். இருவருக்கு ஆளுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. இந்தக் கருவியின் சோதனைப் பதிப்பில் செய்து பார்த்தேன், என் பங்கு அரை மணியில் முடிந்தது. மாதத்துக்கு 20 மணி நேரம் மிச்சம். கட்டணம் மாதம் 2,000 ரூபாய். பில் நம் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு கிடைக்கும்.”

நாம் முதலில் போட்ட கணக்குப்படி 20 மணி நேரம் என்பது 6,800 ரூபாய். அதை நீங்கள் எழுதக்கூட வேண்டாம், அவரே மனதில் போட்டுவிடுவார். கடைசி வரி முக்கியம். பில் உங்கள் பெயரில் வந்து, அலுவலகம் உங்களுக்குக் காசைத் திருப்பித் தந்தால், கம்பெனிக்கு இன்புட் கிரெடிட் கிடைக்காது. அக்கவுண்ட்ஸ் பிரிவு முகம் சுளிப்பது அதனால்தான்.

இவ்வளவு சொல்லியும் அலுவலகம் இழுத்தடிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு லட்சம் ரூபாய் மென்பொருளை விட இரண்டாயிரம் ரூபாய் மென்பொருளை வாங்குவது சில கம்பெனிகளில் கஷ்டம். இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே மூன்று கொட்டேஷன், ஒரே கையெழுத்து வரிசை. இரண்டாயிரத்துக்காக அத்தனை பேர் நேரத்தைச் செலவழித்தால் பொருளைவிட வாங்கும் செலவு அதிகமாகிவிடும். அலுத்துப்போய்ச் சொந்தக் கார்டில் வாங்கி அலுவலகக் கணினியில் போட்டுக்கொள்ளாதீர்கள். அலுவலகத் தகவல் உங்கள் சொந்தக் கணக்குக்குள் போய் உட்காரும், வேலையை விட்டுப் போகும்போது அது வீண் வம்பு.

மென்பொருள் எழுதி விற்கும் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் செயலியைப் பயன்படுத்திவிட்டு “சூப்பர் ப்ரோ” என்று சொல்லும் நண்பர்களை வைத்து விலையை முடிவு செய்யாதீர்கள். பாராட்டுவதற்கு அவர்களுக்குச் செலவில்லை. பில் கேட்டு, கம்பெனி பெயர் போட முடியுமா என்று விசாரிக்கிறவர் ஒருவர் வந்தால் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் வருமானம் வரப்போகும் திசை அதுதான்.

கடைசியாகச் சந்தா. தனிமனிதர்களுக்கு இது ஆகவே ஆகாது, கம்பெனிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மாதா மாதம் ஒரே தொகை போனால் கம்பெனிக்கு பட்ஜெட் போட வசதி. நமக்கோ, காசு கட்டுவதை நிறுத்தினால் பொருளும் போய்விடும் என்ற பயம். 2013இல் அடோபி, போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் இனி சந்தாவில்தான் என்று அறிவித்தபோது தனியாகத் தொழில் செய்கிறவர்கள் கொதித்தார்கள். 2015இல் ஜெட்பிரெயின்ஸ் அதே வழியில் போகப் பார்த்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால், ஓராண்டு சந்தா கட்டியவர் அதற்குப் பிறகு நிறுத்தினாலும் பழைய பதிப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. தனிமனிதர் சத்தம் போட்டாலும் பலன் கிடைக்கும் என்பதற்கு இப்படி ஒன்றிரண்டு உதாரணங்கள் உண்டு.

கம்பெனியில் சந்தாக்களைப் பார்க்க ஒரு ஆள் இருப்பார். வீட்டில் நீங்கள்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட்டில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யார், எவ்வளவு, என்றைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அந்த ஒரு தகவல்தான். வேண்டாம் என்று சொல்லும் வழியும் அதிலேயே இருக்கும். விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் அழித்துவிடாதீர்கள்.